கட்டிலுக்கு மேல் ஒரு ரசிகர்

குற்றவாளி தானே என்று துப்பறிவாளருக்குத் தெரிந்துவிட்ட பிறகும் அந்த வழக்கைத் துப்பறியலாமா?

மட்டக்களப்புப் பட்டினத்திலிருந்து தன்னாமுனை வரும்வரை கிளோட் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். ஓட்டோவை ஓட்டிய அப்துல் மஜீத் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கதை கேட்க ஆசைப்படுகிற மனிதர் என்று கிளோட் நினைத்தார்.

"சேர், என்ன பேச்சே இல்ல? துப்புக் கிடைச்சிட்டா?" பக்கத்தில் இருந்த நிஸ்றா கேட்டாள்.

"யோசிக்கிறன்."

"அதுதான் பயந்திட்டன். உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை எலுவா?"

நிஸ்றா ஓட்டமாவடிக்காரி. இரண்டு பிள்ளைகளின் தாய். கொழும்பில் இருந்த காலத்தில் முறையாகப் பிரெஞ்சு படித்தவள். கிளோட்டுக்கு உதவியாளராக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் அவரைக் கேலி செய்வது உத்தியோகத்தின் ஒரு பகுதி என்று தீர்மானித்திருந்தாள்.

கிளோட்டின் கந்தோர் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'மொழிபெயர்ப்பு' என்று பெரிதாகவும் 'துப்பறிதல்' என்று சிறிதாகவும் எழுதியிருக்கும். பறங்கிக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கிளோட். வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிற ஊரில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள், ஆளுக்குப் பிரெஞ்சு தெரியாமலா இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். கிளோட் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஓர் அகராதி வாங்கினார்.

அகராதியை அவர் பயன்படுத்திய முறை எளிமையானது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து பிரெஞ்சுச் சொல் கொடுத்திருந்தால் முதலில் நிற்பதை எடுப்பார். வரிசையில் முதலில் நிற்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை விற்ற மனிதருக்கு வேறு நியாயம் தெரியாது.

அந்த முறைப்படிதான் போன வருடம் அன்னப்பூரணிக்கு மூன்று பிரெஞ்சுப் பலகைகள் எழுதிக் கொடுத்தார். தன்னாமுனையில் வாவிக்கரை வளவு ஒன்றில் வெளிநாட்டு விருந்தினருக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறாள் அன்னப்பூரணி. இந்த மாதம் கிளோட் புதுக் கைபேசி வாங்கினார். அதன் கமராவைச் சோதிக்க, அந்தப் பலகைகளின் பழைய படங்களைக் காட்டினார். கைபேசி கொஞ்சமும் கூச்சப்படாமல் அவற்றைத் தமிழில் தந்தது.

'ஒவ்வொரு கட்டிலுக்கும் மேல் ஒரு ரசிகர் இருக்கிறார். மெதுவாகத் தொடங்கி வேகப்படுத்தவும்.'

'காலையில் பாணுடன் வீட்டிலேயே செய்த போக்குவரத்து நெரிசல்.'

'மாலையில் வங்கியில் அமர்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.'

ஆங்கிலத்தில் மின்விசிறிக்கும் ரசிகருக்கும் ஒரே 'ஃபேன்'. பாணில் பூசுவதும் வீதியில் சிக்குவதும் ஒரே 'ஜாம்'. வாவிக்கரையும் காசு போடும் இடமும் ஒரே 'பேங்க்'. பிரெஞ்சுக்காரர் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இணையிலும் பிழையானதைத் தேடிப்பிடிக்கும் திறமை கிளோட்டுக்கு இயல்பிலேயே இருந்தது.

இப்போது அன்னப்பூரணியின் வீட்டில் தங்கியிருந்த பிரெஞ்சுத் தம்பதி, ஒரு வாரம் இருப்பதாக வந்து மூன்றாம் நாள் விடியலிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க ஊரில் பிரெஞ்சு தெரிந்த ஒரே துப்பறிவாளரை அவள் அழைத்திருக்கிறாள். துப்பறிவாளரின் சட்டைப்பைக்குள் திருகாணி கழற்றும் ஆயுதம் ஒன்று இருந்தது. அவள் பார்க்கும் முன் பலகைகளைக் கழற்றிவிடுவது அவருடைய திட்டம்.

வளவுக்குள் ஓட்டோ நின்றதும் பின்பக்கத்திலிருந்து அன்னப்பூரணி விரைந்து வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, குரலுக்குப் பேர்போன பெண்.

"வாங்க கிளோட் அண்ணன். வா மகள். பெரிய வீட்டுக்குள்ள இருப்பம். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிட்டாங்க."

மகள் கஜானி ஆவணியில் கலியாணம் முடித்ததிலிருந்து பெரிய வீடு அவளுக்கு. தாயும் தகப்பனும் பின்வளவில் தகரம் போட்ட சிறுவீட்டுக்கு மாறியிருந்தார்கள். முன் அறைகளை விருந்தினருக்கு விடும் தொழில் மட்டும் தாயின் கையில். இந்தப் பகுதியில் அது ஒரு செய்தியே இல்லை என்பதால் கிளோட்டும் நிஸ்றாவும் தலையாட்டிவிட்டு விடயத்துக்கு வந்தார்கள்.

"சண்டை ஏதும் நடந்ததா, தங்கச்சி?"

"ஒரு சண்டையும் இல்லண்ணன். விடிய ஒழும்பிப் பாக்கிறன், பேக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அந்த மனிசிட கண் ரெண்டும் சிவந்து போய். 'பார்தோன், பார்தோன்' எண்டு என்ட கையப் பிடிச்சிச் சொன்னா. எனக்கு என்ன விளங்கும்? மறுகா ரூமுக்குள்ள போய்ப் பாத்தா, ரெண்டு தலகணியையும் காணல்ல! கஜானிட கலியாணத்துக்கு எண்டு வாங்கின புதுத் தலகணி."

"அப்ப?"

"அப்ப என்ன? ரதீஸ்தான். சமைக்கிறவன். அந்த ரூமுக்குள்ள போய்வாற ஆள் அவன் ஒருத்தன். களவெடுக்கிறதக் கண்டுதான் அவங்க பயந்து போயிருக்கணும். சந்தியில வெச்சி, நாலு பேர் பாக்க, கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்குப் பகல் பஸ்ஸில ஊரவிட்டுப் போறானாம். போகட்டும். ஆனா வெள்ளைக்காரர அனுப்புற கொழும்புக் கொம்பனிக்காரன் போனுக்கு மேல போன் எடுக்கான். ஏன் போனாங்க எண்டு இண்டைக்குள்ள சொல்லாட்டி இந்த சீசனுக்கு ஒரு ஆளும் அனுப்ப மாட்டானாம்."

நிஸ்றா சுவரில் சாய்ந்து நின்றாள். "அக்கா, களவக் கண்டு பயந்தவங்க எதுக்கு உங்களிட்ட மன்னிப்புக் கேட்கணும்? பார்தோன் எண்டா அதுதானே அர்த்தம்."

அன்னப்பூரணி கிளோட்டைப் பார்த்தாள். "மன்னிப்போ அண்ணன்?"

"ஓம், ஓம். மன்னிப்பு." இந்த ஒரு சொல்லில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பிரெஞ்சில் அவர் அதிகம் பயன்படுத்த நேர்ந்த சொல் அதுதான்.

விருந்தினர் அறையைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சோதனை சுருக்கமாகவே நடந்தது. கட்டில், மேலே மின்விசிறி, சுவரில் ரசிகரைப் பற்றிய பலகை. நான்கு திருகாணி. கழற்றிச் சட்டைக்குள் செருகினார். சாப்பாட்டு மேசையில் இருந்த நெரிசலையும், படித்துறை வாசலில் இருந்த வங்கியையும் அதே வழியில் அனுப்பினார்.

முற்றத்துக்கு வந்தபோது நிஸ்றா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சேர், நெஞ்சு சதுரமா இரிக்கி."

"வயசு போகுதுதானே."

"வயசு போனா வட்டமாத்தான் வரும். எடுங்க வெளிய."

எடுத்தார். அவள் மூன்றையும் வாசித்தாள். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக அவள் பட்ட பாடு சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"அப்ப நீங்கதான் குற்றவாளி எண்டு நினைக்கிறீங்க."

"வேற ஆர்? கட்டிலுக்கு மேல ரசிகன் இருக்கான் எண்டு வாசிச்ச பிறகு ஒரு பொம்புள நிம்மதியாப் படுப்பாளா?"

"ரெண்டு ராத்திரி படுத்திரிக்கா சேர். மறுகா, ரசிகனுக்குப் பயந்தவ ஏன் அன்னப்பூரணி அக்காட்ட மன்னிப்புக் கேட்கிறா? உங்கட பிழைக்கு அவங்க மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நீங்க பெரிய ஆளில்ல."

இது ஆறுதலா அவமானமா என்று கிளோட் தீர்மானிப்பதற்குள், கிணற்றடியில் ஆள் அரவம் கேட்டது. அன்னப்பூரணியின் கணவன் அழகரத்தினம் வலையை உதறிக்கொண்டிருந்தார். வாவியில் தோணி போட்டு மீன் பிடிப்பவர். தண்ணீர்க்கரையில் கிடுகு போட்ட சின்ன வாடி ஒன்று அவருக்கு உண்டு. வலை போடும் நாட்களில் மணலில் பாய் விரித்து அங்கேயே படுத்துவிடுவார்.

"அண்ணன், சுகமா?" என்று கிளோட் கூப்பிட்டார்.

அழகரத்தினம் தலையைத் திருப்பவில்லை. உடம்பு முழுவதையும் அலுமாரியைத் திருப்புவதுபோலத் திருப்பினார்.

"என்ன, கழுத்தில?"

"சுளுக்கு. கொஞ்ச நாளாக் கிறுகிப் பாக்க ஏலா."

"எப்ப இருந்து?"

"இந்த வெள்ளைக்காரர் போன நாளில இருந்து." சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல வலைக்குள் குனிந்தார். கழுத்து விடவில்லை.

கிளோட்டுக்கு இந்த நடையைத் தெரியும். போன நத்தார்ப் பண்டிகைக்கு மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு மெத்தென்ற தலையணை அனுப்பியிருந்தாள். அதில் படுத்தெழும்பி ஒரு வாரம் அவர் இப்படித்தான், அலுமாரிபோல, தபால் கந்தோர் வீதியில் உலாவினார். மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் இருந்தவருக்குப் பதிலாகத் தூணுக்குக் கைகொடுத்ததும் அப்போதுதான்.

"நிஸ்றா, வாழ்நாள் முழுக்கச் சாரத்தைச் சுருட்டித் தலைக்கு வெச்சுப் படுத்த மனிசனுக்குக் கழுத்து ஏன் சுளுக்குது?"

நிஸ்றா வாடியை நோக்கி நடந்தாள். திரும்பி வரும்போது கையில் ஓர் உரப்பை. உள்ளே பஞ்சுபோல இரண்டு தலையணைகள், பூப்போட்ட உறையோடு.

அழகரத்தினம் வலையைக் கீழே வைத்தார்.

"களவெடுக்கல்ல தம்பி. அந்த மனிசி தந்தது. விடியக்குள்ள வாடிக்கு வந்து, ரெண்டையும் என்ட கையில வெச்சி, அழுதா. போகக்குள்ள இப்பிடிக் குடுக்கிறது அவங்கட வழக்கமாக்கும் எண்டு வாங்கினன். வீட்டுக்குள்ள கொண்டு வெப்பம் எண்டு வாறன், இவ சந்தியில நிண்டு கத்திக்கிட்டு இரிக்கா. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுற?"

"பொடியன் ஊரவிட்டுப் போறான் அண்ணன்."

"தெரியும்." அவருடைய குரல் இறங்கியது. "நேத்து என்னட்ட வந்தான். 'மாமா, நீங்களாவது நம்புங்க' எண்டான். நான் வலையைப் பாத்துக்கிட்டு நிண்டன்."

தலையணை கிடைத்துவிட்டது. ரதீஸ் குற்றமற்றவன். ஆனால் அந்தப் பெண் ஏன் அழுதாள், ஏன் போனாள் என்பது அப்படியே இருந்தது. அது தெரியாவிட்டால் கொழும்புக்காரன் சீசனை மூடிவிடுவான். அறைகள் இல்லையென்றால் சமையல்காரனுக்கும் அடுப்பு இல்லை.

"அவங்களை எங்க போய்த் தேடுற?" என்று கிளோட் வாய்விட்டுக் கேட்டார்.

"பாசிக்குடாவில இரிக்காங்க," என்றது ஒரு குரல்.

அப்துல் மஜீத். ஓட்டோவின் முன் இருக்கையில் கால்நீட்டி அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தானே கொண்டு விட்டன். வழிநெடுகிலும் அந்த அம்மா அழுதுகிட்டே வந்தா. துரைட நம்பரும் இரிக்கி."

"மஜீத் காக்கா, காலையில இருந்து உங்கட முதுகுக்குப் பின்னாலதானே இருக்கிறன். சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேட்கல்லியே சேர். நானும் கிறுகிக் கிறுகிப் பாத்தன். துப்பறியிற ஆக்கள், குழப்பக் கூடாது எண்டு இருந்திட்டன்."

நிஸ்றா வானத்தைப் பார்த்தாள். "சாட்சி ஓட்டோ ஓட்ட, துப்பறிவாளர் பின்னுக்கு இருந்து சாட்சியத் தேடுறாரு. இத வெளிய சொல்லாதீங்க காக்கா."

இலக்கத்தை அழுத்திக் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அன்னப்பூரணியும் வந்து நின்றாள். தலையணையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவருக்கு அவளைத் திரும்பிப் பார்க்க முடியாதது அப்போது ஒரு வசதியாக இருந்தது.

மறுமுனையில் ஆண் குரல். கிளோட் மனதுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்த பிரெஞ்சு வாக்கியத்தைக் கம்பீரமாக எடுத்துவிட்டார். பதிலுக்கு மிகத் தெளிவான ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. "தயவுசெய்து ஆங்கிலத்தில் பேசலாமா? நான் நாற்பது வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்தவன்."

நிஸ்றா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் பெயர் லூசியன். காரணத்தைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருந்தது. வற்புறுத்திய பிறகு சொன்னார். கிளோட் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார். இந்த முறை அகராதி தேவைப்படவில்லை.

முதல் நாளே மனைவி ஜன்னல் வழியே பார்த்தாளாம். வீட்டுக்காரி பெரிய வீட்டில் விளக்கேற்றி, கூட்டித் துடைத்துவிட்டு, பின்னாலுள்ள தகரக் கொட்டிலுக்குப் படுக்கப் போகிறாள். கணவன் அதைவிட மோசம், சாரத்தைச் சுருட்டித் தலைக்கு வைத்து மணலில் கிடக்கிறார். ஏன் அங்கே படுக்கிறார்கள் என்று மருமகனிடம் சைகையால் கேட்டதற்கு, அவன் சிரித்துக்கொண்டே பின்வளவைக் காட்டினானாம். நாங்கள் வந்ததால் இவர்கள் தங்கள் கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு வெளியே கிடக்கிறார்கள் என்று புரிந்துகொண்டோம். அதற்கு மேல் அந்த மெத்தையில் எப்படிப் படுப்பது? முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் போய்விட்டோம்.

அன்னப்பூரணி வாயைத் திறந்தபடி நின்றாள்.

"கட்டிலக் குடுத்ததா? அண்ணன், அது மகள்ட வீடெல்லவா! மகளுக்குக் குடுத்த வீட்டில நாங்க எப்பிடி இரிக்கிற?"

கிளோட்டும் நிஸ்றாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டமாவடியில் நிஸ்றாவின் உம்மாவும் கல்வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சின்ன வீட்டில்தான் இருக்கிறார். கிளோட்டின் நண்பர்களில் பாதிப்பேர் மாமியார் ஒதுங்கிக் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள். பின்வளவுச் சிறுவீட்டை இருவரும் காலையிலேயே கண்டார்கள். கேட்கத் தோன்றவில்லை. மழை பெய்தால் ஏன் நனைகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கிளோட் ஆங்கிலத்தில் விளக்கினார். லூசியன் நீண்ட நேரம் மனைவியோடு கதைத்துவிட்டு வந்தார்.

"என் மனைவி கேட்கிறாள். வீட்டைக் கொடுத்ததில் உங்களுக்குக் கவலை இல்லையா?"

"எனக்கு என்ட அம்மா தந்தவ. நான் என்ட மகளுக்குக் குடுத்தன். குடுக்காம வெச்சிருந்தாத்தான் ஊர் சிரிக்கும்," என்றாள் அன்னப்பூரணி.

"உங்கள் கணவருக்கு?"

"அவர் என்ட வீட்டுக்கு வந்தவர். நான் இரிக்கிற இடத்தில அவர் இரிப்பார். மணலில படுக்கிறது என்ட குறட்டைக்குப் பயந்து. அதையும் சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் முதன்முறையாகச் சிரித்தாள். நாளை திரும்பி வருகிறோம், கொழும்புக்கு நாங்களே பேசுகிறோம் என்றார் லூசியன். வைப்பதற்கு முன் தயங்கினார்.

"அந்தப் பலகைகளை எழுதியவரை உங்களுக்குத் தெரியுமா?"

கிளோட் கண்ணை மூடினார். "ஏன்?"

"ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்கு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. சிவப்புப் பேனாவோடு வருகிறேன் என்று சொல்லுங்கள்."

அழைப்பு முடிந்தது. கொழும்புக்காரன், சீசன், விருந்தினர் எல்லாம் ஒரே மூச்சில் சரியாயின. அன்னப்பூரணியின் முகம் மட்டும் மலரவில்லை. அவள் உரப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வந்திருக்குமா?" என்றாள்.

"ஏறுங்க," என்றார் மஜீத்.

ஓட்டோவில் ஐந்து பேர் எப்படி அடங்கினார்கள் என்பது துப்பறிய வேண்டிய தனி விடயம். சந்தியில் பஸ் நின்றது. ரதீஸ் தோளில் ஒரு பையோடு வரிசையில் நின்றான். தேநீர்க்கடை வாசலில் வழமையான கூட்டம். அவனைக் கள்ளன் என்று கேட்ட அதே காதுகள்.

"ரதீஸ், இஞ்ச வா மனே," என்று அன்னப்பூரணி மெல்லக் கூப்பிட்டாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியும் என்பதே ஊருக்குப் புதுச் செய்தி.

அவன் திரும்பினான். நகரவில்லை. "கள்ளனக் கூப்பிடக் கூடாது மாமி. சாமான் ஏதும் குறையும்."

அவள் ஓட்டோவிலிருந்து இறங்கினாள். வீதியின் நடுவுக்கு வந்தாள். கணவனின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். நெஞ்சோடு அணைத்த இரண்டு பூப்போட்ட தலையணைகளோடு அவர் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! தலகணிய எடுத்தது என்ட மனிசன்! ரதீஸ் எடுக்கல்ல! நான் சொன்னது பொய்!"

பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க அழகரத்தினத்தால் முடியவில்லை.

"பஸ்ஸுக்கு அங்கால இரிக்கிற ஆக்களுக்குக் கேட்டிருக்காது மாமி," என்றான் ரதீஸ்.

அவள் பஸ்ஸைச் சுற்றி மறுபக்கம் போனாள். மறுபடி சொன்னாள், முதல் முறையைவிட உரக்க. கணவனும் பின்னால் போய் நின்றார், தலையணைகளோடு.

"அண்ணே, ஏறுறீங்களா இல்லியா?" என்று நடத்துநர் கத்தினான்.

ரதீஸ் அழகரத்தினத்தின் முன்னால் வந்து நின்றான். அழகரத்தினத்தின் உதடு மட்டும் அசைந்தது. ரதீஸ் அவர் கையிலிருந்து தலையணைகள் இரண்டையும் வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நீங்க சாரத்திலேயே படுங்க மாமா." பிறகு அன்னப்பூரணியின் பக்கம் திரும்பினான். "நாளைக்கு ஆக்கள் வாறாங்களா?"

"வாறாங்க."

"மீன் வாங்கினீங்களா?"

"இல்ல மனே."

"அதுதானே பாத்தன். சந்தைக்கு விடுங்க மஜீத் காக்கா, நல்ல இறால் முடிஞ்சிரும்."

கிளோட் இறங்கி வழிவிட, மூவரும் தலையணைகளோடு நிஸ்றாவின் பக்கத்தில் ஏறினார்கள். ஓட்டோ கிளம்பியது. அதில் இனி இடமில்லை என்பதையும், பட்டினத்துப் பஸ் இப்போதுதான் போயிற்று என்பதையும் துப்பறிவாளர் கிளோட் சற்றுத் தாமதமாகவே கண்டுபிடித்தார்.